ஆயிரம் ரூபாயால் பாதிக்கப்பட்டோர்

புயல் அடித்தால் மத்தியக் குழு வருகிறது. வெள்ளம் வந்தால் படகில் ஏறி அமைச்சர் வருகிறார். வறட்சி என்றால், கருகிய பயிரைக் கையில் பிடித்த புகைப்படமாவது வருகிறது. ஆனால் 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி காஞ்சிபுரத்தில் தொடங்கி, மாதம் தவறாமல் தமிழ்நாட்டுக் கிராமங்களைத் தாக்கிவரும் ஒரு பேரிடரில் நொந்துபோனவர்களை இதுவரை ஒரு குழுவும் எட்டிப் பார்க்கவில்லை.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை என்பது அந்தப் பேரிடரின் பெயர். குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய். பயன் பெற்றவர்களுக்கு அரசிடம் கணக்கு இருக்கிறது: தொடக்கத்தில் 1 கோடியே 6 லட்சம் பெண்கள். சுவரொட்டியில் அவர்கள் சிரித்துக்கொண்டும் இருக்கிறார்கள். நஷ்டப்பட்டவர்களுக்குக் கணக்கும் இல்லை, சுவரொட்டியும் இல்லை. மனசாட்சி உள்ள யாராவது அந்தப் பட்டியலை எழுதியாக வேண்டும். விழுப்புரம் பக்கம் மல்லாட்டையும் கரும்பும் விளைகிற ஏதோ ஓர் ஊரை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். நிவாரண ஆணையர் கவனிக்கட்டும்.

முதலாமவர், தண்டல்காரர். ஆயிரம் என்று நோட்டில் எழுதிவிட்டுத் தொள்ளாயிரத்தைக் கையில் கொடுப்பவர். மீதி நூறு, முன்கூட்டியே பிடித்த வட்டி. மறுநாளிலிருந்து தினம் பத்து ரூபாய், நூறு நாளைக்கு. பிள்ளைக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடத்தில் நோட்டு கேட்டார்கள், மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது என்று வீட்டில் ஒரு முனகல் கேட்டாலே தெருமுனையில் அவர் வண்டிச் சத்தம் கேட்கும். அப்படி ஒரு சேவை. இப்போது வண்டியை நிறுத்தி விசாரிக்கிறார்: “இன்னாக்கா, ஆளையே காணோம்? ஏதாச்சும் வேணும்னா கேளுக்கா.” பதில் வருகிறது: “இப்ப வாணாம்பா, பதினஞ்சாந்தேதி பணம் ஏறிடும்.” இதைவிடக் கொடிய சொல்லை அவர் தொழில் வாழ்க்கையில் கேட்டதில்லை.

ஆனாலும் மனிதர் ஓய்ந்துவிடவில்லை. பெரிய கடன் இன்னும் பெரியதாகத்தான் இருக்கிறது. கல்யாணம், சாவு, மகனின் காலேஜ் கட்டணம் எதுவும் ஆயிரத்தில் அடங்காது. சில ஊர்களில் அந்தப் பணம் ஏறும் கணக்கின் ஏடிஎம் அட்டையையே அடகாக வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். பணம் ஏறிய மறுநிமிடம் அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். அரசின் நேரடிப் பணப் பரிமாற்றத்தை இவ்வளவு நேரடியாகப் புரிந்துகொண்டவர்கள் வேறு யாருமில்லை.

இரண்டாமவர், கணவர். இவருடைய இழப்பைப் பணத்தில் அளக்க முடியாது. முன்பெல்லாம் மனைவி இருபது ரூபாய் கேட்டால் “இன்னாத்துக்கு?” என்று கேட்கும் அதிகாரம் அவரிடம் இருந்தது. மாதவிலக்குக்கு நாப்கின் வாங்கவும் அந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டும். அவளும் கூலி வேலைக்குப் போகிறவள்தான். ஆனால் அந்தக் கூலி வீட்டுக்கு வரும் வழியிலேயே அரிசியாகவும் எண்ணெயாகவும் மாறிவிடும். தன் பெயரில் என்று ஒரு ரூபாய் தங்கியதில்லை. இப்போது வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி அவள் கைபேசியில் விழுகிறது. மாசக் கடைசியில் அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “இந்தாம்மே, ஒரு எரநூறு இருந்தா குடு” என்கிறார். அவள் அடுப்பை ஊதியபடியே திரும்பிக் கேட்கிறாள்: “இன்னாத்துக்கு?”

நூறு கருத்தரங்குகள் சாதிக்காததை இந்த ஒற்றைக் கேள்வி சாதித்துவிட்டது. நிவாரணம் முதலில் போய்ச் சேர வேண்டியது இவருக்குத்தான்.

அரசு இவரை மறந்துவிட்டது என்று சொன்னால் பாவம் சேரும். 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசே தன் தோளில் தாங்கி வருகிறது. 2024-25-இல் மகளிர் உரிமைத் தொகைக்கு ஒதுக்கியது 13,720 கோடி ரூபாய். அதே ஆண்டில் டாஸ்மாக் மூலம் கஜானாவுக்கு வந்த வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். அதாவது மனைவியின் கணக்கில் ஒரு ரூபாயைப் போட்டுவிட்டு, ஊர்க் கணவர்களின் சட்டைப்பைகளிலிருந்து மூன்றரை ரூபாயை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. இதற்கு மேல் யார் எப்படித்தான் சமூகநீதியைச் சமன் செய்ய முடியும்?

மூன்றாமவர், ஆண்டை. ஊரில் நிலம் இருப்பவர். அந்த அழைப்பை இன்னும் சிலர் வாயிலிருந்து எதிர்பார்ப்பவர். “ஆயிரம் ரூபா வாங்கிக்கினு அல்லாரும் ஊட்ல உக்காந்துக்கினு இருக்காளுங்க. களை எடுக்க ஒருத்தி வரமாட்டேன்றா” என்று டீக்கடையில் கொதிக்கிறார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரத்தை முப்பதால் வகுத்தால் நாளுக்கு 33 ரூபாய் 33 காசு. ஆண்டை குடித்துக்கொண்டிருக்கும் டீயும் கடித்துக்கொண்டிருக்கும் வடையும் சேர்ந்தால் ஏறக்குறைய அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது என்றால், நாட்டின் நிதியமைச்சராக நியமிக்கப்பட வேண்டியவள் அந்தக் குடும்பத் தலைவிதான்.

சென்னையில் 2025 ஏப்ரலில் வீட்டு சிலிண்டர் விலை 868 ரூபாய் 50 காசு. ஆயிரத்தில் அதை வாங்கினால் மிச்சம் 131 ரூபாய் 50 காசு. சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து வைப்பவருக்குக் கொடுத்தது போக என்ன மிஞ்சுமோ, அதில்தான் இந்தச் சோம்பேறித்தனம் முழுவதையும் அவள் நடத்தியாக வேண்டும்.

பணம் கொடுத்தால் ஏழைகள் வேலையை விட்டுவிடுவார்களா என்ற கேள்வியைப் படித்தவர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் உடன் ஆய்வாளர்களும் ஆறு வளரும் நாடுகளில் நடந்த ஏழு சோதனைகளை அலசி 2017-இல் எழுதினார்கள்: பண உதவியால் மக்கள் வேலையைக் குறைத்துக்கொண்டதற்குத் திட்டமான சான்று எதுவும் இல்லை. ஆண்டைக்கு இந்த ஆய்வு தேவையில்லை. அவருக்கு உண்மை ஏற்கனவே தெரியும். அவள் வேலைக்கு வராமல் இல்லை. காய்ச்சலோடு வரமாட்டேன் என்கிறாள். போன வருஷத்துக் கூலிக்கு வரமாட்டேன் என்கிறாள். கையில் ஒரு வாரத்து அரிசி இருப்பவள் கூலியை ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்கிறாள். பறிபோனது உழைப்பு அல்ல, அவளுடைய பசி. அந்தப் பசியை நம்பித்தான் இத்தனை காலம் மல்லாட்டைக்குக் களை எடுத்தார்கள்.

உழைத்துச் சம்பாதிக்கட்டும் என்கிறீர்களா? உழைத்தாள். நூறு நாள் வேலையில் வெயிலில் மண் வெட்டினாள். அந்தக் கூலியில் 4,034 கோடி ரூபாயை ஒன்றிய அரசு பாக்கி வைத்திருப்பதாக 2025-இல் தமிழ்நாடு அரசு முறையிட வேண்டியிருந்தது. வேலை செய்யாமல் வாங்கினால் கெட்டுப்போவாள், வேலை செய்துவிட்டுக் கேட்டால் காத்திருக்க வேண்டும். அவளுடைய ஒழுக்கத்தைக் காப்பாற்ற எத்தனை பேர் எத்தனை பக்கமிருந்து பாடுபடுகிறார்கள்!

நான்காமவர் கிராமத்தில் இல்லை. ஆனால் கிராமத்தால் பாதிக்கப்பட்டவர். 2025 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ஒரு தொழில்துறை மாநாட்டில், நாட்டின் மிகப் பெரிய கட்டுமான நிறுவனங்களில் ஒன்றின் தலைவர் வருந்தினார். நலத்திட்டங்களாலும் நேரடிப் பணப் பரிமாற்றத்தாலும் தொழிலாளர்கள் ஊரைவிட்டு வேலைக்கு வரத் தயங்குகிறார்களாம். ஒரு மாதத்துக்கு முன்புதான் வாரத்துக்குத் தொண்ணூறு மணி நேரம் உழைப்பதைப் பற்றிப் பேசியிருந்தார். அவருடைய துயரம் நியாயமானது. தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்துத் தொண்ணூறு மணி நேரம் சாந்து சுமக்கும் வாய்ப்பை, 33 ரூபாய் 33 காசுக்காக ஒருவன் உதறுகிறான் என்றால், அந்த வாய்ப்பின் லட்சணம் என்ன என்று யாராவது அந்த மாநாட்டில் கேட்டிருக்கலாம். கைதட்டும் நேரத்தில் கேள்வி எடுபடாது.

அதே மாதத்தில் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்றும் கவலைப்பட்டது: இலவசங்கள் கொடுத்து ஒட்டுண்ணிகளின் வர்க்கத்தை உருவாக்குகிறோமா என்று. அப்போது விசாரணையில் இருந்தது நகரத்தில் தங்க இடமில்லாதவர்களுக்கான வழக்கு. தலைக்கு மேல் கூரை கேட்டு வந்தவர்கள், தலைக்கு மேல் அந்தச் சொல்லோடு திரும்பினார்கள்.

ஐந்தாவதாகப் பாதிக்கப்பட்டவை வங்கிகள். இவற்றின் தியாகம் பலருக்குத் தெரியாது. முதல் தவணை ஏறியபோதே சில வங்கிகள் அந்த ஆயிரத்தைக் குறைந்தபட்ச இருப்பு இல்லாத குற்றத்துக்கும் பழைய கடனுக்கும் நேர்செய்துகொண்டன. மாநில அரசு தலையிட்டு, அப்படிச் செய்யக்கூடாது என்று எச்சரித்தது. கணக்கில் பணம் இல்லாததற்குத் தண்டனை, இருக்கிற பணத்தையும் எடுத்துக்கொள்வது. மனுநீதிச் சோழன் கண்டிருந்தால் தேர்க்கால்களை அந்தப் பக்கம் திருப்பியிருப்பான். 2019-20 தொடங்கி ஐந்து ஆண்டுகளில் குறைந்தபட்ச இருப்பு வைக்காதவர்களிடமிருந்து பொதுத்துறை வங்கிகள் சுமார் 8,500 கோடி ரூபாய் வசூலித்ததாக நாடாளுமன்றத்தில் பதில் வந்தது. 2014-15 முதல் பத்து ஆண்டுகளில் வங்கிகள் தங்கள் ஏடுகளிலிருந்து நீக்கிய வாராக்கடன் 16 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும் அதே நாடாளுமன்றத்தில் பதில் வந்தது. உடனே விளக்கமும் வந்தது: அது தள்ளுபடி இல்லை, ஏட்டிலிருந்துதான் நீக்கினோம், வசூல் முயற்சி தொடரும். தொடரட்டும். அவளுடைய ஆயிரத்தை வசூலிக்க மட்டும் முயற்சியே தேவைப்படவில்லை, ஒரு கணினி போதுமாக இருந்தது.

ஆறாவதாகப் பாதிக்கப்பட்டவர்தான் இந்தப் பட்டியலிலேயே அதிகம் அழுகிறவர்: வரி கட்டுகிறவர். “என் வரிப்பணம்!” என்று குடியிருப்போர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் காலை ஆறு மணிக்கே அவர் ஒப்பாரி தொடங்கிவிடும். தீப்பெட்டியிலிருந்து பிள்ளைக்கு வாங்கும் பிஸ்கட் வரை அந்தக் கிராமத்துப் பெண்ணும் வரி கட்டுகிறாள் என்பது அவருக்குத் தெரியாது, கடைக்காரர் சொல்லவில்லை. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமானத்துக்கு வரியே இல்லை என்று அறிவித்தபோது, அரசுக்கு இழப்பு சுமார் 1 லட்சம் கோடி ரூபாய் என்றார் நிதியமைச்சர். அன்று அதே வாட்ஸ்அப் குழுவில் லட்டுப் படம் பகிர்ந்தார்கள். இதனால் நடுத்தர வர்க்கம் சோம்பேறியாகிவிடும், திங்கட்கிழமை அலுவலகத்துக்கு ஆள் வராது, எல்லாரும் வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள் என்று ஒருவரும் பயப்படவில்லை.

இதற்கெல்லாம் மேலே ஒரு பயனாளிக் கூட்டம் இருக்கிறது. 2019 செப்டம்பர் 20 அன்று பெருநிறுவன வரியின் அடிப்படை விகிதம் 30-லிருந்து 22 விழுக்காடாகக் குறைந்தது. ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அரசே சொன்னது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை போடும் கணக்கு இது: அந்தத் தொகையை ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் வீதம் கொடுத்தால் 12 கோடிப் பெண்களுக்குக் கொடுக்கலாம். தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையைவிட அது அதிகம்.

கொடுத்தது எதற்கு? முதலீடு பெருகும், வேலை பெருகும் என்பதற்கு. பெருகியதா? 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வைத்த அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே சொல்கிறது: 2023-24-இல் நிறுவனங்களின் லாபம் 22.3 விழுக்காடு ஏறியது, வேலைவாய்ப்பு 1.5 விழுக்காடுதான் ஏறியது. காசை வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தது யார் என்று ஆண்டை டீக்கடையில் கேட்டிருக்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் இந்தப் பயனாளிகள் யாரும் அவருடைய டீக்கடைக்கு வருவதில்லை.

கிராமத்துப் பயனாளி அந்தக் காசை என்ன செய்தாள்? அதற்கும் பழைய சாட்சி உண்டு. 2011-இல் தொடங்கி மத்தியப் பிரதேசத்தில் சேவா அமைப்பு, யுனிசெஃப் ஆதரவோடு எட்டு கிராமங்களில் ஒரு நிபந்தனையும் இல்லாமல் பணம் கொடுத்துப் பார்த்தது. பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100. பிறகு 300, 150. வீடுகளில் சாப்பாடு மேம்பட்டது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போனது கூடியது, கடன் குறைந்தது, ஆடு மாடு வாங்கினார்கள். குடி பெருகவில்லை. ஏழைகளிடம் காசு கொடுத்தால் குடித்தே அழிப்பார்கள் என்ற கூற்றை உலக வங்கி ஆய்வாளர்கள் இருவர் பல நாட்டுத் தரவுகளை வைத்துச் சோதித்தார்கள். அது பொய் என்றுதான் அவர்களுக்கும் தெரிந்தது. விழுப்புரத்துப் பெண் இந்த அறிக்கைகளைப் படித்ததில்லை. அவள் வாரம் ஒரு நாள் முட்டை வாங்கினாள். மகளிர் குழுத் தவணையைத் தள்ளிப்போடாமல் கட்டினாள். அம்மா வீட்டுக்குப் போகும்போது கையில் பழம் வாங்கிக்கொண்டு போனாள். இதற்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம்.

கொடுக்கிறவர்களின் யோக்கியதையையும் பட்டியலில் சேர்க்காவிட்டால் இந்த அறிக்கை ஒருதலைப்பட்சமாகிவிடும். 2022 ஜூலையில் பிரதமர், உத்தரப் பிரதேசத்து விரைவுச்சாலை விழாவில், ரேவடி மிட்டாய் கொடுத்து வாக்கு வாங்கும் கலாச்சாரம் நாட்டுக்கு ஆபத்து என்று எச்சரித்தார். 2025 செப்டம்பர் 26 அன்று, சட்டமன்றத் தேர்தல் அறிவிப்புக்குச் சில நாள் முன்பு, பிகாரில் 75 லட்சம் பெண்களின் கணக்கில் தலா 10,000 ரூபாய் ஏற்றும் திட்டத்தை அதே பிரதமர் தொடங்கிவைத்தார். அடுத்தவர் கொடுத்தால் மிட்டாய், தான் கொடுத்தால் மருந்து. இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்? பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் கொடுத்த அரசின் உயர்கல்வி அமைச்சர், 2022 செப்டம்பரில் மேடையேறி, நீங்கள் எல்லாம் ஓசியில்தானே போகிறீர்கள் என்ற தொனியில் பெண்களைப் பார்த்தே பேசினார். மக்கள் காசை மக்களிடம் கொடுத்துவிட்டு, ஏதோ பாட்டன் சொத்தை அள்ளிக் கொடுத்த தோரணை. ஓசி என்றால் ஓட்டும் ஓசிதானே ஐயா, அதற்கு எந்த மேடையில் நன்றி சொன்னீர்கள்?

சுவரொட்டியில் இடம்பிடிக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2023-இல் விண்ணப்பித்தவர்கள் 1 கோடியே 63 லட்சம் பேர். ரேஷன் கடை முகாமில் டோக்கன் வாங்கி, ஆதாரும் குடும்ப அட்டையும் மின் அட்டையும் வங்கிப் புத்தகமும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வந்தவர்கள். நாற்று நட்டும் களை பறித்தும் ரேகை தேய்ந்த விரலைக் கருவியில் மறுபடி மறுபடி அழுத்தியவர்கள். அவர்களில் 56 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த ஆண்டு பணம் வரவில்லை. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஓடியிருந்தால் இல்லை. அண்ணன் தம்பி இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருப்பது கணினிக்குத் தெரியாது. வீட்டில் டிராக்டர் இருந்தால் இல்லை; அது பாதி கடனில் நிற்பதும் கணினிக்குத் தெரியாது. வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் இல்லை. ஐந்து ஏக்கர் நன்செய்யைத் தாண்டினால் இல்லை. மறுக்கப்பட்டவள் முப்பது நாளுக்குள் இ-சேவை மையம் போய், கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, ஆயிரம் ரூபாய்க்கு, தான் ஏழைதான் என்று மீண்டும் ஒருமுறை நிரூபிக்க வேண்டும்.

ஆக, மாதம் ஆயிரம் ரூபாய் வாங்க ஒருத்தி நிலம், வீடு, வண்டி, மின்சாரம், விரல் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கோடி வாங்கியவர்கள் எதைக் காட்டினார்கள்? எந்த முகாமுக்கு வந்தார்கள்? எந்தக் கோட்டாட்சியர் அவர்கள் வீட்டுக் கார்களை எண்ணினார்? ஐந்து ஆண்டில் எத்தனை பேருக்கு வேலை கொடுத்தீர்கள் என்று எந்த டீக்கடையில் யார் கேட்டார்கள்? அவள் வாங்கிய முட்டைக்குக் கணக்குக் கேட்கிற வாய்கள் அங்கே போனதும் ஒட்டிக்கொள்வது ஏன்?

பாதிக்கப்பட்டோருக்கு நிவாரணம் தருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தண்டல்காரர், ஆண்டை, வங்கி மேலாளர், தொழிலதிபர் எல்லாருக்கும் தரலாம். வரிச்சலுகை வாங்கியவர்களும் கடன் ஏட்டிலிருந்து நீங்கியவர்களும் தங்கள் தகுதியைப் புதுப்பித்துக்கொள்ளட்டும். விதிமுறை ஒன்றுதான், புதிதாக எழுதவும் வேண்டாம்: அவளுக்குப் போட்ட அதே விதிமுறை. ஐந்து ஏக்கருக்குள் நன்செய் நிலம், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் மின்சாரம், நான்கு சக்கர வாகனம் கூடாது. பெருநிறுவன இயக்குநர்கள் குடும்ப அட்டையோடு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் ஊர் ரேஷன் கடை வாசலுக்கு வரவும். பந்தல் கிடையாது. விரல் ரேகை விழவில்லை என்றால் திங்கட்கிழமை மறுபடியும் வரவும். ஒட்டுண்ணி, ஓசி என்று யாராவது திட்டினால் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்ளவும். படிவம் இலவசம்தான். வரிசையில் நில்லுங்கள்.